ஊசிக்குள் ஒரு குழம்பு: மாதக்கணக்கில் நீடிக்கும் மருந்து கெட்டிப்படாமல் இருப்பது எப்படி?

2020இல் கொரோனாவால் ஊர்கள் அடைபட்டபோது மனநல சேவைகளும் முடங்கின. 130 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி, அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 93 சதவீத நாடுகளில் இன்றியமையாத மனநல சேவைகள் தடைபட்டோ நின்றோ போயிருந்தன. கொரோனா கிளப்பிய புதிய பதற்றத்தைப் பற்றி நிறையப் பேசினோம். ஏற்கெனவே மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துவந்தவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. மாத்திரை விட்டுப்போனால் இவர்களில் பலருக்கு நோய் திரும்பிவிடும். அத்தகையோரில் ஒரு சாராருக்குத் தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஓர் ஊசி போதும். அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்ற பாலிபெரிடோன் பால்மிடேட் அவ்வகை மருந்து.

இந்த ஊசியில் இருப்பது தெளிந்த கரைசல் அன்று. பால் போன்ற வெண்குழம்பு. மருந்து மூலக்கூறோடு பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை இணைத்து, அதை நீரில் ஏறக்குறையக் கரையாத பொருளாக மாற்றியிருக்கிறார்கள். தசைக்குள் போன துகள்கள் சிறிது சிறிதாகக் கரையக் கரைய, உடலின் நொதிகள் அந்த இணைப்பை வெட்டி மருந்தை விடுவிக்கின்றன. கரையும் வேகத்தைத் துகளின் அளவு தீர்மானிப்பதால், நீரும் சிறு மணிகளும் நிறைந்த ஆலையில் மருந்தை அரைத்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். (மைக்ரோமீட்டருக்கும் சிறியவற்றை நானோ துகள்கள் என்பார்கள். கறாராகப் பார்த்தால் அந்த எல்லையின் விளிம்பில்தான் இது நிற்கிறது, ஆனால் நானோ துகள்களுக்குரிய தொல்லைகள் அனைத்தும் இதற்கும் உண்டு.)

அந்தத் தொல்லைகளின் வேர் பரப்பளவு. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை ஒரு மைக்ரோமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் 100 கோடி துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்போ 1,000 மடங்காகும். நீரை விரும்பாத அவ்வளவு பரப்பும் நீரோடு உரசிக்கொண்டிருப்பது ஆற்றல் மிகுந்த, நிலையற்ற நிலை. வாய்ப்புக் கிடைத்தவுடன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே அரைக்கும்போதே நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். இந்த ஊசியில் அந்த வேலையைச் செய்வது பாலிசார்பேட் 20. அதன் மூலக்கூறின் ஒரு முனை துகளைப் பற்றிக்கொள்ள, நீரை விரும்பும் மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நெருங்கிவரும் இரு துகள்களின் முனைகள் நெரிசலில் மோதி ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. வேறு சில மருந்துகளில் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றி விலக்கவைப்பதும் உண்டு. ஆனால் தசைத் திரவத்தின் உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்பிக் குழம்பை வடிவமைப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

அப்படியானால் நிலைநிறுத்தியை அள்ளிப் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். அளவு மீறினால் உபரி மூலக்கூறுகள் திரண்டு சிறு கூடுகளாகி, கரையாத மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தமக்குள் வாங்கிக்கொள்ளும். சிறிய துகள் பெரிய துகளைவிட எளிதில் கரையும் என்பதால், சிறியவை தேய்ந்து, கரைந்துபோன மருந்து பெரியவற்றின் மேல் படிந்துவிடும்; பெரியவை மேலும் பெருக்கும். ஆஸ்ட்வால்ட் முதிர்வு எனப்படும் இந்த நிகழ்வு, ஒட்டிக்கொள்வதைத் தடுக்க ஊற்றிய நிலைநிறுத்தியாலேயே துரிதமாகிறது. குறைந்தால் திரளும், கூடினால் பெருக்கும்; ஆய்வகத்தில் பல மாதங்களைத் தின்பது இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

இவ்வளவு செய்தும் துகள்கள் அடியில் படியத்தான் செய்யும். ஸ்டோக்ஸ் விதிப்படி துகளின் அளவு பத்தில் ஒன்றானால் படியும் வேகம் நூறில் ஒன்றாகும். குறையுமே தவிர நிற்காது. படிவது குற்றமில்லை, குலுக்கியும் கலையாத கட்டியாக இறுகுவதுதான் குற்றம். செவிலியர் ஊசியைக் குறைந்தது 10 நொடி வேகமாகக் குலுக்கிய பிறகே போடவேண்டும் என்று மாத ஊசியின் குறிப்பேடு சொல்வது இதனால்தான். சரியாகக் கலையாத குழம்பு ஊசித்துளையை அடைக்கும், கொடுத்த அளவும் குறைந்துபோகும்.

மாத்திரையை வீட்டிலேயே விழுங்கலாம். ஊசிக்கோ ஒரு செவிலியர் வேண்டும் என்பது ஊரடங்கில் இம்முறையின் பலவீனமாகவும் அமைந்தது. செவிலியரை நாடும் தடவைகளைக் குறைக்கும், பெரிய துகள்கள் கொண்ட 3 மாத ஊசி 2015இலேயே வந்துவிட்டது. மாத ஊசியிலோ 3 மாத ஊசியிலோ நோய் கட்டுப்பட்டவர்களுக்காக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வடிவம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மாத ஊசியைவிட அடர்ந்த குழம்பு. அதன் பெட்டியைப் படுக்கவாட்டில்தான் வைக்கவேண்டும். போடும் முன் 15 நொடி குலுக்கி, சற்று நிறுத்தி, மீண்டும் 15 நொடி குலுக்கவேண்டும்.