வள்ளத்து விளக்கு மங்கினால் மீற்றரை எங்கே வைப்பது?

திருக்கடலூரிலோ கிண்ணியாவிலோ இரவில் தொழிலுக்குப் போகும் பைபர் வள்ளத்தில் விளக்கு மங்கினால் முதல் பழி பற்றரிமேல்தான் விழும். புதுப் பற்றரி வாங்குமுன் ஒரு மல்ரிமீற்றரும் இரண்டு கணக்கும் போதும்:

தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
வலு = மின்னழுத்தம் × மின்னோட்டம்

12 வோல்ட், 55 வாட் ஹலஜன் விளக்கு ஒன்று. எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எதுவும் தெரியாது. பற்றரி முனைகளில் 12.4 வோல்ட், விளக்கின் முனைகளில் 10.9 வோல்ட், ஓட்டம் 4.4 அம்பியர் என்று வைப்போம். இடையில் காணாமற்போனது 1.5 வோல்ட். 1.5 ÷ 4.4 = 0.34 ஓம், இது வழியில் உள்ள தடை. 1.5 × 4.4 = 6.6 வாட் வெறும் சூடாகிறது. விளக்குக்குச் சேர்வது 48 வாட். ஆனால் ஹலஜன் போன்ற இழை விளக்கின் ஒளி வலுவைவிட வேகமாக இறங்கும். இந்த அளவுக்கே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

அந்த 0.34 ஓம் எங்கே இருக்கிறது? பற்றரியிலிருந்து விளக்குக்கு 8 மீற்றர் என்றால், போக வர 16 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு 0.0172 × 16 ÷ 1.5 = 0.18 ஓம் (0.0172 என்பது 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் ஒரு மீற்றருக்கான தடை). மிச்சம் 0.16 ஓம் இணைப்புகளில்தான். வயரில் வீணாகும் 3.5 வாட் 16 மீற்றருக்கும் பரவுவதால் கைக்குக்கூடத் தெரியாது. இணைப்பில் வீணாகும் 3.1 வாட்டோ விரல் நகமளவு இடத்தில் குவிகிறது. பியூஸ் கூடு உருகுவது இதனால்தான். பியூஸ் எரியாது, ஏனென்றால் ஓட்டம் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

குற்றவாளியைப் பிடிக்க, விளக்கு எரியும்போது ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் மீற்றரின் முனைகளை வையுங்கள். நல்ல இணைப்பு சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். 0.7 வோல்ட் காட்டுகிற இடத்தில் பச்சைக் களிம்பு இருக்கும். உப்பு ஈரத்தின் வேலை.

ஓம் அளவையில் நேரே பார்க்கலாமே என்று தோன்றும். மலிவு மீற்றர்களில் மீற்றரின் சொந்த வயர்களே 0.1, 0.2 ஓம் காட்டிவிடும். விளக்கையும் அப்படி அளக்காதீர்கள்: குளிர்ந்த இழை 0.2 ஓம் அளவில் இருக்கும், எரியும்போது 2.5 ஓம். குளிர்ந்த தடையை வைத்துக் கணித்தால் 60 அம்பியர் வரும்! எல்.ஈ.டி. விளக்கின் கதை வேறு: உள்ளே வலுவை மாறாமல் வைத்திருக்கும் மின்சுற்று இருந்தால் அழுத்தம் இறங்க ஓட்டம் ஏறும். 24 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 2 அம்பியர், 10 வோல்ட்டில் 2.4 அம்பியர் இழுக்கும்.

ஓட்டம் அளக்க, சுற்றை ஓரிடத்தில் திறந்து 10 அம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி இடையில் இணைக்க வேண்டும். முடிந்ததும் அதை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து பற்றரியில் வைத்தால் நேரடிக் குறுஞ்சுற்று. பல மலிவு மீற்றர்களில் அந்தத் துளைக்குப் பியூஸே கிடையாது.

களிம்பை மேலால் உரசுவது வீண். உப்புநீர் வயரின் உறைக்குள்ளும் ஏறியிருக்கும். கறுத்த செப்பு முடிந்து பளபளப்பு தெரியும்வரை வெட்டி, புது முனை நெரித்து, சூடாக்கினால் சுருங்கும் பசையுள்ள குழாயால் மூடுங்கள். அதன்பின் விளக்கில் 11.6 வோல்ட் அளவில் வரவேண்டும். அதுவும் போதாதென்றால், வெள்ளீயம் பூசிய 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடலாம்: 0.07 ஓம், இழப்பு 0.3 வோல்ட்டளவில் நிற்கும்.