படை போகலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்

கிழக்குக் காங்கோவில், கோமா நகரத்து மருத்துவமனை ஒன்றில் 2012, 2013 இரண்டு வருடமும் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். "பெரிய நாடுகள் படையை அனுப்பி அடக்க வேண்டியதுதானே டாக்டர்?" என்று ஒருவர் எழுந்து கேட்பார், உடனே இன்னொருவர், "அவங்க போறதே கனிமத்துக்குத்தான், யாரும் போகக் கூடாது" என்பார். இரண்டுமே அந்த மக்கள் மேல் உள்ள அக்கறையில் வருகிற பேச்சுதான். ஆனால் போகிற படைக்கு என்ன உத்தரவு கொடுத்து அனுப்புகிறார்கள் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2012 நவம்பர் 20 அன்று எம்23 கிளர்ச்சிப்படை கோமாவுக்குள் நுழைந்தது. காங்கோவில் அப்போது ஐ.நா. வீரர்கள் சுமார் 17,000 பேர். அதற்கு முந்தைய நாட்களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள், அப்புறம் நாட்டு ராணுவம் ஓடியதும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் தொடையில் குண்டுச் சிதறலோடு ஒரு அம்மா வந்தார், தண்ணீர் பிடிக்கப் போன மஞ்சள் கேனைக் கையிலிருந்து விடவே இல்லை. காயத்தைக் கழுவும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஐ.நா.வின் வெள்ளை வண்டிகள் தெருவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

2013 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஆயுதக் குழுக்களோடு நேரடியாகச் சண்டை போடலாம் என்ற உத்தரவோடு தனிப் படையணி ஒன்றை அமைத்தது. தான்சானியா, தென்னாப்பிரிக்கா, மலாவி வீரர்கள். நவம்பருக்குள் காங்கோ ராணுவத்தோடு சேர்ந்து எம்23-ஐ விரட்டிவிட்டார்கள். முந்தைய வருடம் திட்டிய ஜனங்கள் இப்போது கையசைத்தார்கள். சரி, அதோடு முடிந்ததா? எம்23 மறுபடி தலைதூக்கியது, 2022 ஜூலையில் கோமாவின் ஐ.நா. முகாமுக்குள் கூட்டம் புகுந்து சூறையாடியது, அதே பகுதியிலுள்ள புடெம்போவில் ஐ.நா. பணியில் இருந்த நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கருத்துக்கு என்ன மதிப்பு என்று நினைக்க வேண்டாம். 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததும் அமெரிக்காவில் பொதுமக்களின் மனம் அடியோடு மாறியது. அடுத்த ஏப்ரலில் ருவாண்டாவில் படுகொலை தொடங்கியபோது, இருந்த சுமார் 2,500 ஐ.நா. வீரர்களையும் 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்புச் சபையில் தீர்மானம் போட்டார்கள். நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர்.

கோமாவில் எங்கள் வார்டின் மூத்த நர்ஸுக்கு அந்த 1994 ஜூலை நன்றாக நினைவிருந்தது. ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி லட்சக்கணக்கில் கோமாவுக்கு வந்தவர்கள் காலராவில் செத்து விழுந்தார்கள், எரிமலைக் குழம்பு இறுகிய கருப்புத் தரையில் கடப்பாரை இறங்கவில்லை, பிரெஞ்சு ராணுவம் புல்டோசர் கொண்டுவந்து குழி வெட்டியது. அந்தக் குழிகள் இருந்த இடத்துக்கு ஒரு மாலை என்னைக் கூட்டிப்போனார்.