கட்டியைப் பட்டினி போட்டால் சாகுமா?

"ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டால் புற்றுக்கட்டி தானாகக் காய்ந்துவிடுமாமே, டாக்டர்?" கையில் வாட்ஸ்அப் ஃபார்வர்ட், பையில் அதற்கென்றே வாங்கிய சுறா குருத்தெலும்பு கேப்சூல். கீமோவில் மட்டும் இரண்டு தவணை தவறியிருக்கும். இந்த மாதம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

புது ரத்தக்குழாய் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று 1971-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னது சரிதான். அதை நம்பித்தான் ரத்தக்குழாயை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி வந்தது. பரவிய மார்பகப் புற்றுக்கு 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்ளிடாக்ஸல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்தபோது நோய் முற்றாமல் நின்ற காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 ஆனது, ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுக்கான அந்த அனுமதியை மட்டும் திரும்பப் பெற்றார்கள். அந்த ஊசிக்கே இந்தக் கதி. கேப்சூல் எம்மாத்திரம்?

தண்ணீர் நின்றால் காய்ந்துபோக இது நெற்பயிர் இல்லை, சீமைக் கருவேலம். ஆக்ஸிஜன் குறைந்ததும் எச்.ஐ.எஃப். புரதம் விழித்து, இன்னும் குழாய் போடச் சொல்லும். அதோடு நிற்காது. மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வில் அடினின் எழுத்துகள் சிலவற்றின் மேல் மீத்தைல் குறி உண்டு, பெயர் எம்6ஏ. ஆக்ஸிஜன் பற்றாக்குறையில் ஏ.எல்.கே.பி.எச்.5 என்ற நொதி பெருகி, தண்டுசெல் குணத்தைக் காக்கும் நானாக் மரபணுவின் தூதிலிருந்து அந்தக் குறியைச் சுரண்டிவிடுகிறது. தூது சீக்கிரம் அழியாமல் தங்க, தண்டுசெல் குணம் கொண்ட, அதாவது கட்டியை மறுபடி முளைக்க வைக்கக்கூடிய, புற்றுச்செல்கள் கூடுகின்றன. 2016-ல் அமெரிக்க விஞ்ஞானி செமென்சாவின் குழு மார்பகப் புற்றுச்செல்களில் காட்டியது இது. ஆய்வகச் செய்தி, மருந்துச்சீட்டு அல்ல.

இதையே "ஆர்.என்.ஏ. டெஸ்ட்" என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். ஆன்கோடைப் டி.எக்ஸ். என்ற மார்பகப் புற்றுப் பரிசோதனை 21 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவைத்தான் எண்ணும், குறியைப் படிக்காது. அதுவும் எல்லோருக்கும் இல்லை: ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பாசிட்டிவ், ஹெர்2 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) நெகட்டிவ், ஆரம்பநிலை என்றால்தான்.

முதலில் இ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 ரிப்போர்ட் கையில் இருக்கிறதா பாருங்கள். பயாப்ஸித் துண்டு ஒரு மணி நேரத்துக்குள் திசுவைக் கெடாமல் காக்கும் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். சலைனில் போட்டு பஸ்ஸில் அனுப்பினால் ஏற்பி நெகட்டிவ் என்று தப்பாக வரலாம். அதை நம்பிச் சிகிச்சையும் தப்பும். (ஆபரேஷன் தியேட்டர் நண்பர்களே, நேரத்தை டப்பா மேல் எழுதுங்கள்!)

பெவாசிசுமாப் போட்டுக்கொள்பவர்கள் ஒவ்வொரு தவணையிலும் பி.பி., சிறுநீரில் புரதம் பார்த்துவிடுங்கள். திட்டமிட்ட அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாமல் போகலாம். பல் பிடுங்கப் போகிறீர்களா? தயவுசெய்து அதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.