விதையைச் சுமக்க ஆளில்லாத காடு

அயல் செடி மண்டிவிட்டது, வெட்டி எறிந்தால் காடு தானாகத் திரும்பிவிடும். காடு மீட்பு வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வெட்டினோம். மூன்று மழைக்காலம் போயும் எதிர்பார்த்த கன்றுகளைக் காணோம். தாய்மரம் நன்றாகத்தான் நிற்கிறது, காய்க்கிறது, பழுக்கிறது, ஆனால் முளைப்பதெல்லாம் அதன் காலடியிலேயே முளைத்து, நிழலிலும் பூஞ்சை நோயிலும் சுருண்டு போகிறது. விதையை அங்கிருந்து எடுத்துப் போகிறவர் யார் என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

ஆமணக்கு விதை கிடைத்தால் கையில் வைத்துப் பாருங்கள். நுனியில் வெளிறிய சின்ன முண்டு ஒன்று இருக்கும். அது எறும்புக்குச் செடி கொடுக்கும் கூலி. அந்தச் சத்துள்ள துணுக்குக்காக எறும்பு விதையை முழுசாகப் புற்றுக்கு இழுத்துப் போகும், துணுக்கைத் தின்னும், விதையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். எலி வாய்க்கும் தீக்கும் தப்பி விதை பத்திரமாகக் கிடக்கும். இப்படி எறும்பை நம்பி வாழும் செடியினங்கள் உலகில் 11,000-க்கும் மேல்.

இதற்குள் ஒரு அயல் எறும்பு நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் ஃபின்போஸ் புதர்க்காடுகள்தான் நல்ல பாடம். அங்கே பரவிய அர்ஜென்டினா எறும்பு உள்ளூர் எறும்புகளை விரட்டிவிட்டது. சரி, ஒரு எறும்பு போய் இன்னொரு எறும்பு வந்ததில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இது கூலியை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாத ஆள்! விதையை நெடுந்தூரம் தூக்காது, புதைக்காது, துணுக்கை மட்டும் தின்றுவிட்டு மண்மேலேயே போட்டுவிடும், அப்புறம் அதை எலி பொறுக்கிக்கொள்ளும். 1984-இல் வெளியான ஆய்வில், தீ வைத்த பிறகு மிமெட்டஸ் என்ற புதரின் விதைகள் உள்ளூர் எறும்பு இருந்த இடங்களில் சுமார் 35 சதவீதம் முளைத்தன. அர்ஜென்டினா எறும்பு பிடித்த இடங்களில் 0.7 சதவீதம். அந்த எறும்பு செடியைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

குவாம் தீவில் நடந்தது இன்னும் கொடுமை. இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவுக் காட்டின் 12 உள்ளூர்ப் பறவையினங்களில் 10-ஐ அங்கே இல்லாமல் ஆக்கிவிட்டது. பழம் தின்னப் பறவை இல்லாததால் விதைகள் இன்று பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே விழுகின்றன.

ஆனால் அயல் என்றாலே வில்லன் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. ஹவாயின் ஒவாஹு தீவில் பழம் தின்னும் உள்ளூர்ப் பறவைகள் அழிந்துபோன நிலையில், மிச்சமிருக்கும் உள்ளூர்ச் செடிகளின் விதைகளைச் சுமப்பது அயல் பறவைகள்தான். நமக்குப் பழக்கமான கொண்டைக்குருவியும் அங்கே அயலார் கணக்கில் சேர்த்தி. சிக்கல் என்னவென்றால், அவை சின்ன விதையைத்தான் விழுங்கும், அதிலும் பெரும்பகுதி அயல் செடிகளுடையது. பெரிய கொட்டை உள்ள மரங்களுக்கு ஆளே இல்லை. மொரீஷியஸ் அருகே உள்ள ஈல் ஓ செக்ரெத் என்ற குட்டித் தீவில் இதே மாதிரி காலியான இடத்தை நிரப்ப, 2000-இல் அல்டாப்ரா ராட்சத ஆமைகளை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். அங்குள்ள கருங்காலி மரத்தின் பழத்தை அவை தின்று, விதையைத் தூரத்தில் கழிக்கின்றன, அந்த விதை நன்றாக முளைக்கவும் செய்கிறது.

உண்ணிச்செடி மாதிரி மாதக்கணக்கில் பழம் தரும் அயல் புதர்களை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவதை அதனால்தான் நான் நிறுத்திவிட்டேன். ஊர்ப் பழச்செடி மேலே வரும் முன்பே அயல் புதரை மொத்தமாக எடுத்தால், இருக்கிற பறவையும் வேறு இடம் தேடிப் போய்விடும். இப்போது பட்டை பட்டையாக எடுக்கிறோம், எடுத்த இடத்தில் சீக்கிரம் பழுக்கும் உள்ளூர்ப் புதரை முதலில் வைக்கிறோம். பறவை உட்கார அங்கங்கே காய்ந்த கழிகளை ஊன்றி, அடியில் வலைத்துணி விரித்து, எச்சத்தை அலசி எந்த விதை எத்தனை என்று எண்ணுகிறோம். நாற்றமடிக்கும் வேலைதான். போன பருவத்தில் வலையில் விழுந்ததில் பாதிக்கு மேல் உண்ணி விதை, அதனால் கழியடியில் முளைப்பதை மாதம் ஒருமுறை கையால் பிடுங்க ஆள் வைத்திருக்கிறோம்.