பெயின்ட் புதுசு, தரை அமுங்குது: லோக்கல் டப்பாவின் வயசை எங்கே பார்ப்பது?

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு தங்கச்சி போன வாரம் என்னை வழியில் நிறுத்தினாள். விடிகாலையில் சயானில் லோக்கல் ரயில் பிடித்து, லக்கேஜ் டப்பாவில் (பெட்டியில்) இரண்டு பெரிய அலுமினியச் சட்டிகளோடு தாணா பக்கம் போகிறவள்.

"அண்ணாச்சி, வாசப் பக்கம் கால வச்சா தரை அமுங்குது. சட்டிய அங்க வைக்கவே பயமா இருக்கு. ஆனா வண்டி என்னவோ புதுசுதான், பெயின்ட் வாசம்கூட இன்னும் போகல."

நான் 32 வருஷம் லோக்கல் ரயில் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். 'தரை அமுங்குது, ஆனா வண்டி புதுசு' என்று ஒருவர் சொன்னால் என் வயிறு கலங்கும். அந்த வண்டி புதுசில்லை, பெயின்ட் மட்டும்தான் புதுசு. இந்த ஒரு வருஷத்தில் இதே மாதிரி நான் கேட்பது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் வாயால் விளக்கிச் சலித்துப்போய்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சால் (வரிசைக் குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் புதுப் பெயின்ட் அடித்த ரேக்கின், அதாவது ஒன்றாகக் கோத்த டப்பாத் தொடரின், படம் வந்தால் உடனே நாற்பது கைதட்டல். "பாரு, பழசையே எவ்வளவு அழகா மாத்திட்டாங்க, இதுக்கு எதுக்குப் புது வண்டி?" என்று ஒருவர் கேட்பார். "பழச எல்லாம் தூக்கி எறிங்க, முழுக்க ஏசி லோக்கல் விடுங்க" என்று அடுத்தவர் எழுதுவார். இரண்டு பேருமே வண்டியை வெளியே இருந்துதான் பார்க்கிறார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் பளிச்சென்று இருக்கும், வாசலில் கோலம் இருக்கும். உத்தரத்தைக் கரையான் அரித்திருந்தால் அந்த வீட்டில் பிள்ளையைத் தூங்க வைப்பீர்களா? ரயில் டப்பாவுக்கும் உத்தரம் உண்டு. நாங்கள் அதை சோல் பார் என்போம். பக்கவாட்டுச் சுவரும் தரையும் சேருகிற இடத்தில், டப்பாவின் நீளம் முழுக்க ஓடுகிற இரும்பு அது. அதன்மேல் டிரஃப் ஃப்ளோர் என்று அலை அலையாக மடித்த தகடு. அதற்குமேல் பலகை, கடைசியாக நீங்கள் மிதிக்கிற விரிப்பு. சீட்டை மாற்றலாம், ஃபேனை மாற்றலாம், விரிப்பையும் புதிதாக ஒட்டலாம். அடியில் இருக்கிற சோல் பாரும் டிரஃப் ஃப்ளோரும் துரு தின்று காகிதமாகியிருந்தால் இவற்றில் எதுவும் அந்த டப்பாவைக் காப்பாற்றாது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓவர்ஹாலிங் என்பது கழற்றக்கூடியதைக் கழற்றிப் புதுப்பிக்கும் வேலை. சக்கரம், பேரிங், பிரேக், மோட்டார், ஸ்பிரிங், கப்ளர் எல்லாம் அதில் அடங்கும். அதை நன்றாகச் செய்தால் அவை புதுசு போலவே ஓடும். உடம்பு, நாங்கள் ஷெல் என்று சொல்வது, அப்படிப்பட்டதல்ல. தகட்டை வெட்டி ஒட்டுப் போடலாம். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த மழைக்காலத்தில் துரு தொடங்கும்.

மும்பை இந்தத் துருவுக்கு சோறு போட்டு வளர்க்கிற ஊர். கடல் காற்று, நான்கு மாத மழை, எப்போதும் கதவு திறந்த வாசல். சாரல் நேராக உள்ளே வரும். வாசல்படிக்கு அடியிலும் கதவு ஓடுகிற தண்டவாளப் பள்ளத்திலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அதில் குட்கா பாக்கெட், நிலக்கடலைத் தோல், டிக்கெட் துண்டு எல்லாம் அடைந்துவிடும். தண்ணீர் தேங்கி, விரிப்புக்கு அடியில் புகுந்து, வெயில் படாத இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். லக்கேஜ் டப்பாவில் இதோடு மீன் கூடையின் உப்புத் தண்ணீரும் சேரும். ஒரே ரேக்கில் மற்ற டப்பாக்கள் நன்றாக இருக்கும்போது லக்கேஜ் பகுதித் தரை மட்டும் பொத்தலாகிக் கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தங்கச்சி சட்டி வைக்கிற இடம் அதே இடம்தான்.

துருவைக் கண்டுபிடிக்க மந்திரம் எதுவும் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஃபிட்டர் சின்ன சுத்தியலால் சோல் பாரைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும், செத்த இரும்பு 'டொக்' என்று முனகும். இப்போது தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கலாம். விரிப்பையும் பலகையையும் தூக்கிப் பார்த்தால்தான் இரண்டுமே உண்மை சொல்லும். நாள் நெருக்கும்போது சிலர் தூக்காமலே விட்டுவிடுவார்கள். நான் இருந்த இடத்திலும் ஒரு முறை அப்படி நடந்தது. ரேக்கை வெள்ளிக்கிழமை வெளியே விட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி வந்தது. நான் 'பலகையைத் தூக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்' என்றேன். தூக்கினோம். அடியில் என் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இன்றைக்கு என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

லோக்கல் டப்பாவுக்கு ரயில்வே கணக்கில் ஆயுள் 25 வருஷம். கோடல் லைஃப் என்பார்கள். அது முடிந்ததும் கண்டெம் செய்ய வேண்டும், அதாவது ஓட்டத்திலிருந்து ஒதுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வோம். உடனே யாராவது வருவார், "வெளிநாட்ல 40 வருஷம் ஓட்றாங்க சார்" என்று. அந்தப் பேச்சுக்குப் பதில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலேயே இருக்கிறது.

அங்கே மெட்ரோ 1976-ல் ஓடத் தொடங்கியபோது வாங்கிய முதல் வரிசைப் பெட்டிகளுக்கு 1000 சீரிஸ் என்று பெயர். 1990-களின் நடுவில் அவற்றை ஒரு பெரிய ஓவர்ஹாலுக்கு அனுப்பிப் புதுப்பித்தார்கள். 2004 நவம்பரில் உட்லி பார்க் ஸ்டேஷனில் ஒரு காலி வண்டி பின்னோக்கி உருண்டு, நின்ற வண்டிமேல் மோதியது. ஒரு பெட்டி இன்னொன்றின் உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. நாங்கள் இதை டெலஸ்கோப்பிங் என்போம். விசாரித்த பாதுகாப்பு வாரியம் 2006-ல் தெளிவாகச் சொன்னது: இந்தப் பெட்டிகளுக்குச் சீக்கிரம் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் மோதலைத் தாங்கும்படி உடம்பைப் பலப்படுத்துங்கள். நிர்வாகம் இரண்டையும் செய்யவில்லை. வரிச்சலுகைக்காகப் போட்ட குத்தகை ஒப்பந்தப்படி 2014 வரை அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2009 ஜூன் 22 அன்று ஃபோர்ட் டோட்டன் அருகே அதே சீரிஸ் பெட்டியை முன்னால் கொண்ட வண்டி, நின்றிருந்த வண்டிமேல் மோதியது. 9 பேர் செத்தார்கள். மோதலுக்குக் காரணம் சிக்னல் பக்கத்துக் கோளாறு, பெட்டி அல்ல. ஆனால் அந்த முன் பெட்டி நசுங்கியதில் ஆட்கள் உட்கார்ந்திருந்த இடமே இல்லாமல் போனது. அதன்பிறகு அந்தப் பெட்டிகளை வண்டியின் நடுவில் மட்டும் கோத்து ஓட்டினார்கள். கடைசியாக 2017-ல்தான் எல்லாம் வெளியேறின. ஓவர்ஹால் செய்த பெட்டி ஓடியது, நின்றது, குளிர்ந்தது, எல்லாம் சரிதான். அடி வாங்கும்போது நிற்கிற பலத்தை ஓவர்ஹால் தரவில்லை.

அதற்காகப் பழசையெல்லாம் உடைக்கச் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருந்தால் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம், நம் வரிப்பணமும் மிஞ்சும். தில்லி மெட்ரோ 2002 முதல் 2007 வரை வாங்கிய தன் முதல் தொகுதி வண்டிகளுக்கு நடுவயதுப் புதுப்பிப்பு செய்கிறது. அவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு. மின்சாதனமும் உள்வேலையும்தான் பழசாகின்றன, அவற்றை மாற்றுவது சரியான முடிவு. நம் ஊரிலும் 1500 வோல்ட் டி.சி.யிலிருந்து 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறிய காலத்தில், பழைய உடம்பில் புது மின்சாதனம் பொருத்திய ரெட்ரோஃபிட் ரேக்குகள் ஓடின. 2016 ஏப்ரல் 9 இரவு ஹார்பர் லைனில் கடைசி டி.சி. லோக்கல் ஓடியபோது கூடியிருந்த கூட்டத்தில் நானும் நின்றேன். 1925 பிப்ரவரி 3-ல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி போன அதே டி.சி. கண் கலங்கியது. ஆனாலும் அந்தப் பழைய மோட்டார்களை நான் திரும்பக் கேட்க மாட்டேன். கார்பன் பிரஷ் தேய்ந்து, கம்யூடேட்டர் கருகி, மழைத் தண்ணீர் ஏறினால் நடுவழியில் நிற்கிற மோட்டார்கள் அவை. இன்றைய மூன்று ஃபேஸ் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது.

வயசை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. செம்பூர்க்காரர்களுக்கு மோனோரயில் நினைவிருக்கும். 2014 பிப்ரவரியில்தான் ஓடத் தொடங்கியது. வண்டி செய்த வெளிநாட்டு நிறுவனம் நகர்ந்துபோன பிறகு உதிரிபாகம் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 19 மழையில் கூட்டம் தாங்காத ஒரு வண்டி செம்பூருக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே உயரத்தில் நின்றது. 500 பேருக்கு மேல் ஏணி வைத்து இறக்கினார்கள். அடுத்த மாதமே சேவையை நிறுத்திவிட்டுப் புது ரேக்குகளுக்குப் போனார்கள். 25 வருஷத்துக்கு வெகு தூரம் இருக்கும்போதே அந்த வண்டிகள் கிழமாகிவிட்டன. உதிரிபாகம் வரும் வழி அடைபட்டால் குழந்தை வண்டியும் கிழம்தான். ஒரு ரேக்கில் கழற்றி இன்னொன்றில் மாட்டத் தொடங்குகிற நாளை நான் மரணப் படுக்கை என்றுதான் சொல்வேன்.

கதவு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வாசலில் தொங்கியவர்கள் விழுந்து உயிரிழந்த பிறகு, 'ஓடுகிற எல்லா வண்டியிலும் கதவு மாட்டு' என்று எல்லோரும் கேட்கிறார்கள். நெஞ்சு பதறிக் கேட்கிற கேள்வி, நியாயமானது. ஆனால் நெரிசல் நேரத்தில் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கிற ஏசி இல்லாத டப்பாவில் கதவை மூடினால் மூச்சுக்கு வழி வேண்டும். அதனால்தான் புது வடிவமைப்பில் காற்றுப் போகும் பட்டைக் கதவு, கூரையில் காற்று தள்ளும் யூனிட், டப்பாவுக்கு டப்பா நடக்கும் வழி என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தக் கதவின் எடையையும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடும் அதிர்வையும் வாசல் தூண்கள் தாங்க வேண்டும். வாசல் தூணின் அடிப்பகுதிதான் துரு முதலில் தின்கிற இடம். கடைசிக் காலத்தில் இருக்கிற உடம்பில் புதுக் கதவு மாட்டச் சொல்லாதீர்கள். அந்தப் பணத்தைப் புது ரேக்குக்குக் கேளுங்கள்.

பயணிகள் சங்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பழைய வண்டி வேண்டாம்' என்று மனு எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இந்த ரேக் கட்டிய வருஷம் என்ன, கடைசி ஓவர்ஹாலில் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்களா, தகட்டின் கனம் எவ்வளவு இருந்தது, ஆயுள் முடிந்திருந்தால் யார் உத்தரவில் நீட்டித்தார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் காகிதத்தில்தான் வர வேண்டும், வாயால் சொல்லி நழுவ முடியாது.

மற்றவர்களுக்கு: தரை அமுங்கினால், வாசல் கம்பி ஆடினால், அடியிலிருந்து கருகிய வாடை வந்தால் பேசாமல் அடுத்த டப்பாவுக்கு நகர்ந்துவிடாதீர்கள். டப்பாவின் நம்பர் வெளியேயும் முனைச் சுவரிலும் எழுதியிருக்கும். ஓவர்ஹால் செய்த தேதியும் முனைச் சுவரிலேயே இருக்கும். படம் எடுத்து ரயில்வே உதவி எண் 139-ல் சொல்லுங்கள். நம்பர் இல்லாத புகாரால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஓடுகிற ரேக்குகளில் எதைத் தேடுவார்கள்? மீன், காய், இட்லி கொண்டுபோகிறவர்கள் கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள், தயவுசெய்து. வாசல் பள்ளத்தில் குப்பையைத் தள்ளாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் அந்த டப்பா உயிரோடு இருக்கிறது. மழையில் வண்டி நடுவழியில் நின்றால் ஊழியர் சொல்லாமல் தண்டவாளத்தில் குதிக்க வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் குதிக்கிறீர்கள்!

அந்தத் தங்கச்சி மறுநாள் காலை 5 மணிக்கே டப்பா நம்பரைப் படம் எடுத்து அனுப்பினாள். 139-ல் புகாரும் அவளே கொடுத்தாள், புகார் நம்பரோடு பதில் வந்திருக்கிறது. ரேக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போதைக்கு சட்டியை எதிர் வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு விடிகாலை அவளோடு சயானில் ஏறி, அந்தத் தரையை நானே மிதித்துப் பார்க்கப் போகிறேன். பழைய சுத்தியலைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.