நுரைச்சோலை சாம்பல்ல தங்கம் தேடுற தம்பிமாருக்கு

இந்த மாசம் இது மூண்டாவது ஆள். லேப் மேசையில ஒரு யோகட் கப்ப வச்சான், வாய்க்கு சொப்பிங் பேக் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டிருக்கு, உள்ள சாம்பல், முகத்துக்குப் பூசுற பவுடர் மாதிரி நைசா. "நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் அண்ணே, எவ்வளவு தங்கம் இருக்கெண்டு பாத்துச் சொல்லுங்க." செட்டியார் தெரு நகைப்பட்டறைப் பொடியன், விரல்ல திராவகம் பட்ட மஞ்சக்கறை கூட இன்னும் போகல்ல.

அமெரிக்காவில நிலக்கரிச் சுரங்கக் கழிவில விலையான உலோகம் எடுக்கிறாங்கெண்டு யூடியூப்ல பாத்தானாம். எடுக்கப் பாக்கிறாங்கதான், பொய்யில்ல. ஆனா அது தங்கமில்ல தம்பி, நியோடிமியம் மாதிரி காந்தத்துக்குப் போற அருமண் உலோகம். மேற்கு வேர்ஜீனியாவில பிடிக்கிறது சுரங்கத்தால வடியிற அமிலத் தண்ணிய, பாறையக் கரைக்கிற வேலைய அந்தத் தண்ணியே சும்மா செஞ்சு குடுத்திருது. நமக்கு நிலக்கரிச் சுரங்கமே இல்ல, நுரைச்சோலையில கிடக்கிறது இறக்குமதி நிலக்கரி எரிச்ச சாம்பல்.

அருமண் எண்ட அந்தப் பேர்தான் எல்லாரையும் பேயாக்குது. அருமண்ல ஒண்டான சீரியம் பூமியில கிட்டத்தட்ட செம்பு அளவுக்கே இருக்கு, உங்கட வீட்டு முத்தத்து மண்ணிலயும் இருக்கு! நிலக்கரிச் சாம்பல்ல உலக சராசரி தொன்னுக்கு 400 கிராம் மட்டில, அதுவும் பதினாறு பதினேழு அருமண் உலோகம் எல்லாம் சேத்து, அதில பெரும்பங்கு மலிவான சீரியமும் லாந்தனமும், அப்ப நூறு கிராம் பிடிக்கிற உன்ட யோகட் கப்ல 40 மில்லிகிராம், அதுவும் சாம்பல்ல இருக்கிற நுண்ணிய கண்ணாடி உருண்டைக்குள்ள பூட்டிக் கிடக்கு, கரைச்சாலும் ஒண்டில இருந்து ஒண்டப் பிரிக்க நூத்துக்கணக்கான படி. (போன வருஷம் நான் குடுத்த ரிப்போட்ட காட்டி ஒருத்தர் பங்குக்கு ஆள் சேத்திருக்கார். இப்ப 'தொன்னுக்கு கிராம்' எண்டத மட்டும் பெரிய எழுத்தில அடிக்கிறன்.)

கோவம் வந்தது அதுக்கில்ல. குசினில ஜன்னலச் சாத்திட்டு ராஜதிராவகம் (தங்கத்தையே கரைக்கிற அமிலக் கலவை) ஊத்திக் காய்ச்சியிருக்கான், மண்ணிறப் புகை வந்திச்சாம், "லேசா இருமல் அண்ணே" எண்டு சிரிக்கிறான். டேய், அந்தப் புகை அப்ப ஒண்டும் செய்யாத மாதிரி இருந்திட்டு பல மணித்தியாலம் கழிச்சு நுரையீரல்ல தண்ணி கோர்க்க வைக்கும். மூச்சு முட்டினா விடியும்வரை பாக்காதீங்க, 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க, இல்லாட்டி பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. கழுவின திராவகத்த சிங்க்ல ஊத்தாதீங்க, சாம்பல்ல இருந்து கரைஞ்ச ஆர்சனிக்கும் ஈயமும் அதோட போகுது. மிச்சச் சாம்பல மிளகாய்க் கண்டுக்கும் போடாதீங்க, பிள்ளையள் இருக்கிற வீட்டில கொட்டித் தட்டாதீங்க, தயவுசெய்து.

கப்ப நானே வாங்கி வச்சிட்டன், காசு எடுக்கல்ல. வீட்டில அரைப் போத்தல் திராவகம் மிச்சமிருக்காம், பட்டறையில திருப்பிக் குடுத்திட்டு எனக்கு கோல் எடு எண்டன். இன்னும் கோல் வரல்ல.