கான்ஸ்ட்: மாறாததா, மாற்றாததா?

சி++ என்னும் கணினி மொழியின் நிரல்களில் சில செயற்கூறுகளின் ('ஃபங்ஷன்') அடைப்புக்குறிக்குப் பின்னால் 'கான்ஸ்ட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் பலரும் சட்டென்று 'மாறிலி' என்பார்கள். மாறியின் முன்னால் வரும்போது அது சரி. செயற்கூற்றின் பின்னால் வரும்போது பொருந்தாது.

'உறுதியாக நிற்றல்' என்று பொருள்படும் லத்தீன் 'கான்ஸ்டாரே'தான் இதன் வேர். கணிதத்தில் புழங்கும் 'கான்ஸ்டன்ட்' அதிலிருந்து வந்தது. அதன் சுருக்கமே இது. பெல் ஆய்வகத்தில் சி++ஐ உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1981இல் முதலில் முன்வைத்த பெயர் 'ரீட்ஒன்லி'. பிறகு அது 'கான்ஸ்ட்' ஆனது. சி மொழிக்கு 1989இல் வந்த ஆன்சி தரத்திலும் இடம்பிடித்தது. பழைய பெயரே நிலைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது என்பது என் எண்ணம். 'இந்த வழியாகப் படிக்கலாம், எழுத முடியாது' என்பதுதானே அதன் வேலை!

சரி, ஒரு வகுப்புக்குள் ('கிளாஸ்') உறுப்பாக இருக்கும் செயற்கூற்றுக்கு வருவோம். அங்கே கான்ஸ்ட் சொல்வது, 'என்னை எந்தப் பொருளின் ('ஆப்ஜெக்ட்') மேல் அழைத்தாலும் அதை மாற்ற மாட்டேன்' என்பது. மாறுவது தன்வினை, மாற்றுவது பிறவினை. ஆகவே 'மாற்றாச் செயற்கூறு' என்பதே பொருத்தம். 'செல்லாக் காசு' போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்.

மதிப்புகளை வரிசையாக வைக்கும் வெக்டரில், எத்தனை என்று சொல்லும் 'சைஸ்', காலியா என்று சொல்லும் 'எம்ப்டி' இரண்டும் மாற்றாதவை, கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் 'புஷ்_பேக்' அப்படியல்ல. கான்ஸ்ட் குறிப்பு ('ரெஃபரன்ஸ்') வழியாக வாங்கிய வெக்டரில் புஷ்_பேக்கை அழைத்தால் நிரல்பெயர்ப்பி ('கம்பைலர்') அங்கேயே நிறுத்திவிடும்.

புதியவர்களைத் திணறவைப்பது, திறவுகோலுக்கு ('கீ') ஒரு மதிப்பு என்று சேர்த்துவைக்கும் மேப். அதில் சதுர அடைப்புக்குறி போட்டு ஒரு மதிப்பைப் படிப்பது வெறும் வாசிப்பாகத்தான் தெரியும். ஆனால் கான்ஸ்ட் மேப்பில் அது பிழை. காரணம், கேட்ட திறவுகோல் இல்லையென்றால் அந்தக் குறி சத்தமில்லாமல் புதிதாக ஒன்றைச் செருகிவிடும். அது மாற்றும் வேலை. படிக்க மட்டும் என்றால் 'ஃபைண்ட்' அல்லது சி++11 தரத்தில் இடம்பெற்ற 'அட்' போதும்.

இந்த உறுதிமொழியில் ஓட்டையும் உண்டு. உறுப்பாக ஒரு சுட்டு ('பாயிண்டர்') இருந்தால், அந்தச் சுட்டைத்தான் வேறு இடத்துக்குத் திருப்ப முடியாது. அது காட்டும் இடத்தில் இருப்பதை மாற்றாச் செயற்கூறும் தாராளமாக மாற்றலாம். தெரிந்தே கொடுக்கும் விலக்குக்கு 'மியூட்டபிள்' இருக்கிறது. கான்ஸ்ட் செயற்கூற்றுக்குள், ஒரே நேரத்தில் பலர் நுழையாமல் காக்கும் பூட்டான மியூடெக்ஸைப் பூட்ட வேண்டுமானால் அந்த உறுப்பை அப்படித்தான் அறிவிப்பார்கள். 'மாற்றத்தகு உறுப்பு' எனலாம்.

'இம்மியூட்டபிலிட்டி' வேறு. அது பொருளின் குணம்; தமிழில் 'மாறாமை'. ஜாவா மொழியின் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஒருமுறை உருவானால் அதன் உள்ளடக்கம் மாறாது. கான்ஸ்ட் குறிப்புக்குப் பின்னால் இருக்கும் பொருளையோ நிரலின் வேறொரு பகுதி வேறு வழியாக மாற்றிக்கொண்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஜாவாவில் 'கான்ஸ்ட்' ஒதுக்கப்பட்ட சொல், ஆனால் எந்த வேலையும் கிடையாது.

ஸ்விஃப்ட் மொழி சி++இன் வழக்கத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அதில் ஸ்ட்ரக்ட் என்னும் தரவுக் கட்டமைப்பின் செயற்கூறுகள் இயல்பாகவே மாற்றாதவை. மாற்றுவதுதான் 'மியூட்டேட்டிங்' என்று முன்பே அறிவித்துக்கொள்ள வேண்டும். அதை 'மாற்றுச் செயற்கூறு' என்று எழுதினால் வேறொரு செயற்கூறு என்று படிப்பார்கள். 'மாற்றும் செயற்கூறு' என்றே எழுதுங்கள்.